இப்படி நிழலுக்கு வாங்க

அடிச்சிட்டீங்களா? சரி, அடிச்சது அடிச்சிட்டீங்க. இன்னொண்ணு அடிக்காதீங்க தம்பி, கொஞ்சம் இருங்க. அந்தச் சுத்தியலக் கீழ வச்சிட்டு இப்படி நிழலுக்கு வாங்க. மாமரத்தடியில கட்டில் போட்டிருக்கேன் பாருங்க, உக்காந்து பேசலாம். எதுக்கு வெயில்ல நின்னுக்கிட்டு?

இல்லீங்க, சண்டைக்கு வரல. எடம் என்னுதுதான், ஆனா சண்டைக்கு வரல. வீட்ல உக்காந்திருந்தேன், டொக்கு டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு, எழுந்து ஓடியாந்தேன். நான் ஓடிப் பாத்தவங்க இந்த ஊர்ல யாருமில்ல இப்ப. செருப்பு கூட போடல, பாருங்க காலை. முளைக்குச்சியையும் செவப்புத் துணியையும் சுண்ணாம்புச் சட்டியையும் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. ஹெலிகாப்டர் எறங்கறதுக்கு எடம் பாக்கறீங்க. அதானே?

அதான். பேரு என்னன்னு சொன்னீங்க? அழகர்சாமியா. பேரக் கேட்டதுமே ஊர் தெரிஞ்சுபோச்சே. மதுரைப் பக்கம். மேலூரா? பாத்தீங்களா, சொன்னேன்ல. ஓசூர்ல கம்பெனிங்க வந்தப்பறம் எங்களுக்கு தமிழ்நாடு பூராவும் மனப்பாடம். மத்திகிரியில வாடகைக்கு இருக்கறவங்க பேச்ச வச்சே இவரு திருநெல்வேலி, இவரு தஞ்சாவூருன்னு சொல்லிடுவேன். என் பேரு குலாம் ரசூல். மாங்கா யாவாரம், புளி யாவாரம். இந்தக் கெலமங்கலம் ரோட்டுல யார வேணா கேளுங்க. நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்வாங்க. ரெண்டும் நெசந்தான்.

வாங்க தம்பி, நிழலுக்கு. ஏன் அங்கயே நிக்கறீங்க? ஓ, ஜீப்புல வர்ற ஆபீசரு குச்சி பக்கத்துலயே நிக்கச் சொல்லியிருக்காரா? குச்சிய யாரு தூக்கிட்டுப் போகப் போறா? சரி, உங்க வேலை உங்களுக்கு. குரல ஒசத்திப் பேசறேன், கேட்டுக்கங்க.

விஷயத்தச் சொல்லிடறேன். இந்த எடத்த நான் தரமாட்டேன். வாடகை எவ்ளோன்னு சொல்லாதீங்க, அந்தப் பேச்சே வேணாம். தாசில்தார் வந்தாலும் இதான், பஞ்சாயத்து தலைவர் வந்தாலும் இதான். அவரு நேத்தே வந்து போயிட்டாரு. அண்ணே, ஊருக்குப் பெருமைண்ணே, டில்லிக்காரங்க நம்ம மண்ணுல கால் வைக்கறாங்கண்ணேன்னாரு. உங்க மண்ணுல வைக்கச் சொல்லுங்கன்னேன். அவரு ராகி போட்டிருக்காராம், பயிரு நாசமாயிடுமாம். மூஞ்சி கொஞ்சம் கூட மாறாம சொல்றாரு தம்பி!

இதுக்கு முன்னாடி ஒரு விழா நடந்துச்சே, தெரியுமா உங்களுக்கு? நீங்க அப்ப மேலூர்ல பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பீங்க. தொண்ணூத்தி மூணு. தொழில் வளர்ச்சிப் பெருவிழா. மூணு நாளு. இப்ப நடத்தப் போறீங்களே, இதுக்கு அக்காக்காரி அது. ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு கம்பெனி காம்பவுண்டு தெரியுதுல்ல, நீட்டமா, நீலத் தகடு போட்டு? அப்ப அது வெறும் மைதானம். அங்கதான் பந்தலு, கண்காட்சி, மேடை எல்லாம். மைதானத்துக்கு ஓரமா எங்க கபர்ஸ்தான், அடக்கம் பண்ற எடம், இருக்கு. இப்பவும் இருக்கு, சுவத்துக்குப் பின்னாடி ஒடுங்கிப் போய். கபர்ஸ்தானுக்கும் மைதானத்துக்கும் நடுவுலதான் ஹெலிகாப்டர் எறங்கற வட்டம் போட்டாங்க. இப்ப அங்க எடமில்ல, அதனால இந்தாண்ட வந்திருக்கீங்க. ரோட்டத் தாண்டி எங்கிட்டயே வந்துட்டீங்க.

முதல்ல ஊரே சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ரோடு போட்டாங்க. எங்க பொட்டிக்கடைக்காரன் சோடா பாட்டில் அடுக்கி அடுக்கி வச்சான். என் வீட்டுக்காரி இருந்தா, சுக்ரான்னு பேரு. அவளுக்கு ஒரே ஒரு ஆசை. ஹெலிகாப்டர் பாக்கணும். மேல பறக்கறதப் பாத்திருக்கா, எறங்கறத, பக்கத்துல வச்சுப் பாக்கணும்னா. ஏன்டி, பேரன் எடுக்கற வயசுல ஹெலிகாப்டர் கேக்குதான்னு கேட்டேன். நான் என்ன ஏறணும்னா கேட்டேன், பாக்கத்தானே கேட்டேன்னா. அவ கோஷா தம்பி. ரேஷன் கடைக்காரரு இருபது வருஷமா அரிசி போடறாரு, அவரு அவ மூஞ்சியப் பாத்ததில்ல. மாங்கா எடுக்க வர்ற யாவாரிங்களுக்கு அவ குரல் மட்டும்தான் தெரியும். கதவுக்குப் பின்னாலருந்தே எடை சரியில்லைன்னு சொல்லுவா, ஒவ்வொரு தடவையும் சரியா இருக்கும் அவ சொன்னது. அந்த ஆளுங்கல்லாம் பயப்படுவாங்க அந்தக் குரலுக்கு. நானும்தான்.

சரி, மாடியிலருந்து பாத்துக்கோன்னேன். கம்பி ஜன்னலு வச்ச சின்ன ரூம்பு ஒண்ணு மேல இருக்கு, அங்கருந்து பாத்தா வெளியில இருக்கறவங்க தெரிவாங்க, இவ தெரியமாட்டா. துணி போட்டு வைக்கிற ரூம்பு. அத காலி பண்ணி ஸ்டூல் எல்லாம் போட்டு வச்சுட்டா. நாப்பத்தஞ்சு வயசுல, ஸ்டூல் போட்டு வச்சா தம்பி.

இன்னொண்ணு சொல்றேன், உங்ககிட்ட சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா சொல்லாம புரியாது. அப்ப எங்க ஊர்ல யார் வீட்லயும் கக்கூஸ் கிடையாது. என் வீட்லயும் கிடையாது. மாடி கட்டத் தெரிஞ்சுது, அது தெரியல. ஆம்பளைங்க நாங்க எங்கயோ போயிடுவோம். பொம்பளைங்களுக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளத்துல ஒரு உண்ணிப்புதரு, நல்லா அடர்த்தியா மண்டிக் கிடக்கும். விடியறதுக்கு முன்னாடி ஒருக்கா, இருட்டினப்பறம் ஒருக்கா. கூட்டமா போவாங்க, கூட்டமா வருவாங்க. முஸ்லிம், ரெட்டி, ஒக்கலிகா எல்லாப் பொம்பளைங்களும் அங்கதான். அவங்களுக்குள்ள சிரிப்பும் பேச்சும், ஊரு நியூஸ் எல்லாம் அங்கதான் பரிமாறிக்குவாங்க.

பெருவிழாவுக்கு கார் நிறுத்த எடம் வேணும்னாங்க. புல்டோசர் வந்துச்சு. ஒரே சாயங்காலத்துல புதரு போச்சு. மறு நாளு அங்க வெள்ளக் கோடு போட்டு, கம்பம் நட்டு, ஃபோகஸ் லைட்டு போட்டாங்க. என்னா வெளிச்சம்! ராத்திரி என் வீட்டு வாசல்ல ஊசியில நூலு கோக்கலாம். போலீஸ்காரங்களுக்கு டெண்டு அங்கதான் அடிச்சாங்க. எங்கெங்கிருந்தோ வந்தவங்க, சின்னச் சின்னப் பசங்க, ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பீடி பிடிச்சிக்கிட்டு. அவங்கள நான் தப்பு சொல்லமாட்டேன். அவங்களுக்கு நிக்கச் சொன்ன எடம் அது.

இப்பச் சொல்லுங்க, பொம்பளைங்க எங்க போவாங்க?

ஆமாங்க. இப்பத்தான் யோசிக்கறீங்க. நானும் அப்ப யோசிக்கல. பிளான் போட்டவங்க யாரும் யோசிச்சிருக்கமாட்டாங்க. வரைபடத்துல உண்ணிப்புதர்னுதான் போட்டிருக்கும். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு எந்தப் படத்துல எழுதுவாங்க? மத்தவங்க கொஞ்சம் தூரம் போய், நம்ம கூட்டாளி திம்மப்பன் வயலுக்கு அப்பால சமாளிச்சாங்க. பயந்து பயந்துதான். வயசுப் பொண்ணுங்க பின்னாடி டார்ச் அடிச்சுக்கிட்டு வந்த பசங்களும் உண்டு. சுக்ராவால அவ்ளோ தூரம் லைட்டு வெளிச்சத்துல நடந்து போக முடியல. முடியலன்னா கால் வலியில்ல, மானம். அத்தன ஆம்பளைங்க பாத்துக்கிட்டிருக்க, சொம்பு தூக்கிட்டு நடக்கணும்ல?

அவ என்ன பண்ணா தெரியுமா? தண்ணி குடிக்கறத நிறுத்திட்டா.

சித்திரை மாசம் தம்பி. ஓசூர் குளுருன்னு சொல்றதெல்லாம் பழைய கதை. பஞ்சாயத்து கெணத்துல இருக்கற தண்ணிய டேங்கர்ல ஏத்திட்டுப் போய் தூசி பறக்காம இருக்க மைதானத்துல தெளிச்சாங்க. மண்ணு குடிச்சுது, இவ குடிக்கல. சாப்பாடும் கொறைச்சிட்டா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. இதையெல்லாம் புருஷன்கிட்ட சொல்ற வழக்கமில்ல எங்கள்ல. பொண்ணு தாஹிராவுக்கு மட்டும்தான் தெரியும். அவகிட்டயும் சத்தியம் வாங்கி வச்சிருக்கா, வாப்பாகிட்ட சொல்லாதேன்னு.

உக்காருங்க தம்பி, நின்னுக்கிட்டே... ஐய, அங்க குந்தாதீங்க! அங்க வேணாம். எழுந்திரிங்க. எறும்பு புத்து கித்து இருக்கும். கட்டிலுக்கு வாங்கன்னுதானே சொல்றேன். சரி நில்லுங்க, நின்னாவது கேளுங்க.

முதல்ல இடுப்பு வலின்னா. அப்புறம் குளுரு காய்ச்சல். மூணு கம்பளி போத்தியும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. சூடு புடிச்சிருக்குன்னு வெந்தயம் ஊற வச்சுக் குடுக்கச் சொன்னேன், அவ வாயில வச்சுட்டு துப்பிட்டா. நான் போனப்பறம் துப்பினாளாம். விழாவுக்கு மொத நாளு, சரிப்பட்டு வராதுன்னு திம்மப்பன் டெம்போவுல ஏத்தி ஓசூருக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டரு நல்லவரு. பாத்த ஒடனே கேட்டாரு, ஏம்மா, எத்தன நாளா ஒழுங்கா ஒண்ணுக்குப் போகலன்னு. இவ செவத்தப் பாக்கறா. நான் பக்கத்துல நிக்கறேன்ல. அவரு திரும்பத் திரும்பக் கேக்கறாரு. அப்ப தாஹிராதான் அழுதுக்கிட்டே சொல்லிட்டா, சார், லைட்டு போட்டதிலருந்து அம்மா தண்ணியே குடிக்கறதில்ல சார்னு. டாக்டருக்குப் புரியல. எந்த லைட்டும்மான்னாரு.

ஊசி போட்டாரு, பாட்டில் ஏத்தினாரு. விஷம் ரத்தத்துல கலந்துபோச்சு, லேட்டா வந்துட்டீங்கன்னாரு. அடுத்த நாளு விடியக்கால சுபுஹு தொழுகைக்கு பாங்கு சொல்ற நேரம், மௌத்தாயிட்டா. ஆஸ்பத்திரியில அவ கடைசியா கேட்டது தண்ணி. குடுத்தேன். ரெண்டு மடக்கு குடிச்சா. அதுக்கு மேல எறங்கல.

அழல தம்பி. அழுது முடிச்சாச்சு. கண்ணு அப்பிடித்தான், வெளிச்சத்தப் பாத்தா தண்ணி விடும்.

எங்கள்ல மௌத்தாயிட்டா தாமதிக்கக் கூடாது. அன்னிக்கே அடக்கம் பண்ணிடணும். பொம்பளைங்க குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி, தலைமாட்டுலயும் கால்மாட்டுலயும் முடிச்சு போட்டுட்டாங்க. அதுக்கப்பறம் புருஷனா இருந்தாலும் அந்த உடம்பத் தொடக்கூடாதுன்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. நான் தொடல. முடிச்சு போடறதுக்கு முன்னாடி தள்ளி நின்னு மூஞ்சிய மட்டும் பாத்தேன், மூடிட்டாங்க. காலையிலயே ரெண்டு பேரு கபர்ஸ்தானுக்குப் போய் குழி தோண்டி வச்சிட்டு வந்துட்டாங்க. பள்ளிவாசல்லருந்து சந்தூக் வந்துச்சு.

சந்தூக்னா தெரியாதா? மய்யத்த வச்சுத் தூக்கிட்டுப் போற பெட்டி தம்பி. ஊருக்கே ஒண்ணுதான், எல்லாரும் ஒருநாள் அதுல போகணும். பழைய மரப்பெட்டி, இரும்பு ஆணி அடிச்சு, நாலு பேரு தோள்ல வச்சுத் தூக்க கை வச்சிருக்கும். மேல பச்சைத் துணி போத்துவாங்க. அந்தப் பேரத்தான் நல்லா ஞாபகம் வச்சுக்கங்க. சந்தூக். அந்த ஒத்த வார்த்தையாலதான் எல்லாம்.

அன்னிக்குத்தான் டில்லியிலருந்து மந்திரி வர்ற நாளு. குண்டு வெடிச்சு ஒரு பெரிய தலைவரு செத்துப் போயி ரெண்டு வருஷம் ஆகல, அதனால பந்தோபஸ்து பயங்கரம். முதல் தடுப்புல நம்ம தமிழ்நாட்டுப் போலீஸ்காரரு, தர்மபுரிக்காரரு, தூரத்துலயே புரிஞ்சுக்கிட்டாரு. தொப்பியக் கழட்டி கைல வச்சுக்கிட்டு கயித்தத் தூக்கி விட்டாரு. சீக்கிரம் போயிடுங்க பெரியவரேன்னாரு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும். ரோட்டத் தாண்டி கபர்ஸ்தான் வழியில திரும்பறோம், அங்க ரெண்டாவது தடுப்பு. அது டில்லி ஆளுங்க. கறுப்பு உடுப்பு, கைல பெரிய பெரிய துப்பாக்கி. தமிழ் ஒரு எழுத்து தெரியாது.

என் மச்சான் ஷௌகத் அலி, சுக்ராவோட தம்பி, முன்னாடி தூக்கிட்டு வந்தான். எங்க வீட்ல எல்லாரும் தமிழ்தான் பேசறது. இவன் ஒருத்தன் கம்பெனியில வடக்கத்தி சூப்பர்வைசர்கிட்ட நாலு வார்த்த இந்தி கத்துக்கிட்டிருந்தான், அதுல அவனுக்கு ரொம்பப் பெருமை. அக்கா செத்த துக்கம் ஒரு பக்கம், நமக்குத்தான் இந்தி தெரியும் நாமதான் பேசணுங்கற நெனப்பு ஒரு பக்கம். அந்த ஆளு கைய நீட்டி, க்யா ஹை, க்யா ஹைன்னு கத்தறான், என்னா இதுன்னு. மைக்செட்டு காதைப் பொளக்குது, ஒரே பாட்டு. இவன் அதுக்கு மேல கத்தி, சந்தூக் ஹை சாப், சந்தூக்ங்கறான்.

அந்த ஆளு காதுல என்னா விழுந்துச்சு தெரியுமா? பந்தூக்.

பந்தூக்னா துப்பாக்கி தம்பி, இந்தியில. ஒரு எழுத்துதான் வித்தியாசம். கபர்ஸ்தானுக்குப் போற பெட்டிக்குள்ள துப்பாக்கி இருக்குன்னு அவனே வந்து சொல்ற மாதிரி ஆயிப்போச்சு. வயர்லஸ்ல பந்தூக் பந்தூக்னு ஒருத்தன் கத்தறான். சுத்தி நின்னவங்கல்லாம் துப்பாக்கிய எங்க பக்கம் திருப்பிட்டாங்க. கீழ வை, கீழ வைன்னு சைகை. மய்யத்தத் தூக்கிட்டா கபர்ஸ்தான் போற வரைக்கும் தரையில வைக்கறது நல்லதில்லைம்போம். நடு ரோட்டுல வச்சோம். விழாவுக்குன்னு புதுசாப் போட்ட தார், கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. திம்மப்பனும் கூட வந்திருந்தான், அவனுக்குக் கன்னடந்தான் வரும் அவசரத்துல. அதுலயும் துப்பாக்கிக்கு பந்தூக்குனுதான் பேரு, அதனால அவனுக்கு ஒடனே புரிஞ்சுபோச்சு என்னா கோளாறுன்னு. பந்தூக்கு அல்ல ஸ்வாமி, ஹெண, ஹெணன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டுக் கத்தறான். ஹெணன்னா பொணம். டில்லிக்காரனுக்குக் கன்னடம் எங்க புரியும்? நாலு பாஷை பேசற ஊரு தம்பி இது. அன்னிக்கு ஒரு பாஷையும் எங்களுக்கு ஒதவல.

அப்பறம் யாரோ ஒரு ஆபீசரு வந்தாரு, கொஞ்சம் புரிஞ்சுக்கிட்டாரு. மய்யத்துதான்னு தெரிஞ்சுபோச்சு அவருக்கு, மொகத்துல தெரிஞ்சுது. ஆனா வயர்லஸ்ல ஒரு தடவ சொல்லிட்டாங்கல்ல, சோதிக்காம விட முடியாதாம். குச்சி மாதிரி மெஷின் ஒண்ணு, பெட்டி மேல காட்டறாங்க. கீ கீங்குது. ஆணி இருக்கு, கத்தாம என்ன பண்ணும்? ஆணி சாப், ஆணின்னு ஷௌகத் பெட்டியத் தட்டித் தட்டிக் காட்டறான். ஆணிக்கு இந்தியில என்னான்னு அவனுக்கு வரல. திறன்னுட்டாங்க.

நான் குறுக்க விழுந்தேன். வேணாம்யா, பொம்பளைன்னேன். என்னய ரெண்டு பேரு புடிச்சிக்கிட்டாங்க, அடிக்கல, சும்மா புடிச்சிக்கிட்டாங்க. பச்சைத் துணிய எடுத்தாங்க, மூடியத் தூக்கினாங்க. கபன் மேல அந்த மெஷினத் தடவினாங்க, தலையிலருந்து கால் வரைக்கும். அப்பறம் ஒருத்தன் தலைமாட்டு முடிச்ச அவிழ்த்து துணிய வெலக்கினான். இருபது வருஷம் ரேஷன் கடைக்காரரு பாக்காத மூஞ்சி. நானே தள்ளி நின்னு பாத்த மூஞ்சி. அத்தன பேரு குனிஞ்சு பாத்தாங்க தம்பி. எனக்கு அவங்கள வெட்டிப் போடணும்னு இருந்துச்சு. இப்பவும் இருக்கு.

அந்த நேரம் பாத்து ஹெலிகாப்டர் வந்துச்சு.

சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு போல. எல்லாரும் பெட்டிய அப்பிடியே விட்டுட்டு அந்தப் பக்கம் ஓடறாங்க. மூட வுடல, எங்கள நகரக் கூடாதுன்னு துப்பாக்கி நீட்டிக்கிட்டு ரெண்டு பேரு. தலைக்கு மேலயே எறங்குது. காத்து, புழுதி, ஒண்ணும் தெரியல. பச்சைத் துணி பறந்து முள்ளுல போய் மாட்டிக்கிச்சு. கபன் துணி படபடன்னு அடிக்குது. நாங்கல்லாம் கண்ண மூடிக்கிட்டோம். பெட்டிக்குள்ள அவ மட்டும் வானத்தப் பாத்துக்கிட்டு மல்லாந்து கெடக்கறா, மூஞ்சியெல்லாம் செம்மண்ணு.

ஹெலிகாப்டர் எறங்கறதப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு கேட்டாள்ல. மாடியில ஸ்டூல் இன்னும் அப்பிடியே கெடக்கு.

இருங்க, முடிச்சிடறேன். ஜீப்பு சத்தம் இல்ல அது, லாரி. உங்க ஆபீசரு வர இன்னும் நேரமிருக்கு. அப்பறம் போங்கன்னு விட்டாங்க. விட்டு என்னா பிரயோஜனம்? தோண்டி வச்ச குழியக் காணோம். புதுசாத் தோண்டின குழி, ஹெலிகாப்டர் எறங்கற எடத்துக்குப் பக்கத்துல. குண்டு வைக்கத்தான் தோண்டியிருக்கான்னு சந்தேகப்பட்டு புல்டோசர விட்டுத் தள்ளி மூடிட்டாங்க. திரும்பத் தோண்டறோம்னோம். சாயங்காலம் மந்திரி போற வரைக்கும் கடப்பாரை, மம்முட்டி எதுவும் உள்ள கொண்டு வரக் கூடாதுன்னுட்டாங்க. ஒருவேளை ராத்திரி ஆகும்னாங்க, நாளைக்கும் ஆகலாம்னாங்க. வெயிலு கொளுத்துது. பாத்தேன். அவள இன்னும் எவ்ளோ நேரம் ரோட்டுல வச்சுக்கிட்டு நிக்கறது? திருப்பித் தூக்குங்கடான்னுட்டேன். கபர்ஸ்தான் வரைக்கும் போன மய்யத்து வீட்டுக்குத் திரும்பி வந்தத நீங்க எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? எங்க ஊர்ல நடந்துச்சு. வாசல்ல தாஹிரா எங்களப் பாத்ததும், அம்மாவுக்கு உசுரு வந்துடுச்சா வாப்பான்னு கேட்டா.

நம்ம எடத்துலயே வச்சிடலாம்னேன். பள்ளிவாசல் அஜரத்து யோசிச்சாரு, அப்பறம் சரின்னாரு. ஜமாத்துல ரெண்டு பேரு மொணகினாங்க. சொந்த நெலத்துல அடக்கம் பண்ணா பின்னாடி பஞ்சாயத்து, தாசில்தாருன்னு கேள்வி வரும், சொல்லிக்காதீங்கன்னாங்க. சரி, சொல்லிக்கலன்னேன். கல்லு வைக்கல, மேடு கூட ஒசத்தல. மழை பேஞ்சு பேஞ்சு தரையோட தரையா ஆயிடுச்சு. திம்மப்பன்தான் தோண்டினான். கடப்பாரை ஒவ்வொரு தடவ எறங்கும்போதும் அக்கா, அக்கான்னு சொல்லிக்கிட்டே தோண்டினான். அவனுக்கு அவ மூஞ்சி தெரியாது, குரல் மட்டும்தான் தெரியும்.

அப்பறம் கக்கூஸ் கட்டினேன். அதோ வீட்டுக்குப் பின்னாடி, வெள்ளை அடிச்சு. ஊர்லயே மொதல் கக்கூஸ் அதான். பொம்பளைங்க யார் வந்தாலும் போகலாம், கதவு பூட்டறதில்ல. மந்திரி மூணு நாள் விழாவுக்கு ஒருநாள் வந்து, கால் மணி நேரம் பேசிட்டுப் போனாரு. இந்தப் பகுதி மக்களோட ஒத்துழைப்புக்கு நன்றின்னாரு. ரோட்டுல போற லாரிக்காரங்க அந்த மைக்செட்டக் கேட்டிருப்பாங்க. நான் அப்ப இங்க மண்ணு தள்ளிக்கிட்டிருந்தேன், எனக்கும் கேட்டுச்சு.

என்னா கேட்டீங்க?

எங்க அடக்கம் பண்ணீங்கன்னா?

தம்பி, அப்பலருந்து நான் எதுக்கு இப்படி வாங்க, நிழலுக்கு வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்?

அட, குதிக்காதீங்க. பயப்பட ஒண்ணுமில்ல. தெரியாமத்தான நின்னீங்க, அவ ஒண்ணும் நெனச்சுக்கமாட்டா. மெதுவா இந்தப் பக்கம் காலெடுத்து வைங்க. ஆங், அப்பிடித்தான். வர்றப்ப அந்த முளைக்குச்சிய மட்டும் ஆட்டாம, நேரா மேல இழுத்துப் புடுங்கிட்டு வந்துடுங்க. தலைமாட்டுல அடிச்சிருக்கீங்க.